பணக்கார நாட்டுக்காரர் தத்தெடுத்தால் என்ன தப்பு?

கேள்வி, திருப்பூரிலிருந்து ஒருவர். 9 ஆகஸ்ட் 2025

ஸ்வீடன்காரரோ அமெரிக்கரோ ஏழை நாட்டில் பிறந்த ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துப் போய்ப் படிக்கவைக்கிறார். உடனே "குழந்தை வியாபாரம்", "வெள்ளைக்காரத் திமிர்" என்று கிளம்பிவிடுகிறார்கள். இங்கேயே இருந்திருந்தால் அந்தப் பிள்ளை செங்கல் சூளையில்தான் இருந்திருக்கும். பேசுகிறவர்களில் யாராவது ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்திருக்கிறார்களா?

9 ஆகஸ்ட், இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை, நான் எடுத்து வளர்க்கவில்லை. பெத்த ரெண்டை வளர்த்ததிலேயே நாக்குத் தள்ளிவிட்டது.

செங்கல் சூளைக் கணக்கு ஜெயிக்கிற கணக்கு. சூளை ஒரு பக்கம், ஸ்டாக்ஹோம் ஒரு பக்கம் என்று வைத்தால் யார் சூளைக்கு ஓட்டுப் போடுவார்கள்? ஆனால் அது பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு போடுகிற கணக்கு. எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஆள் ஆளுக்கு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

அனுப்பிய நாடுகளே நிறுத்திக்கொண்டிருக்கின்றன. எத்தியோப்பியா 2018-ல் சட்டம் போட்டு நிறுத்தியது. சீனா 1992-லிருந்து 1,60,000-க்கும் மேலான பிள்ளைகளை அனுப்பிவிட்டு, 2024 செப்டம்பரில் கதவைச் சாத்தியது. நெதர்லாந்து 2024-ல் நிறுத்தியது. அது அனுப்புகிற நாடு இல்லை, வாங்குகிற நாடு. வாங்குகிறவனே போதும் என்கிறான் என்றால் சரக்கில் என்னமோ இருக்கிறது.

10 ஆகஸ்ட், காலை

"சரக்கு" என்று எழுதியிருக்கக் கூடாது. எழுதியாகிவிட்டது, கிடக்கட்டும், எனக்கே உறைக்கட்டும்.

நெதர்லாந்து விஷயத்தில் ராட்டர்டாம் நண்பர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. 2021 பிப்ரவரியில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்ததும் நிறுத்திவைத்தார்கள். அடுத்த வருஷம் கட்டுப்பாடுகளோடு மறுபடி திறந்தார்கள். 2024-ல்தான் படிப்படியாக முழுக்க மூடுவது என்று முடிவெடுத்தார்கள். ஸ்விட்சர்லாந்தும் 2025 ஜனவரியில் அதே திசையில் போவதாக அறிவித்திருக்கிறது.

10 ஆகஸ்ட், மதியம்

அமெரிக்கப் பாடகி மடோனா தத்தெடுத்ததைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பணக்காரர், ஏழை நாடு, தத்து என்றதும் எல்லோருக்கும் அவர்தான் ஞாபகம் வருவார்.

2006. மலாவி நாடு. ஒரு வயதைத் தாண்டியிருந்த ஆண் குழந்தை. பெயர் டேவிட். தாய் பிரசவத்துக்குப் பின் இறந்துவிட்டார். தகப்பன் யோஹானே பண்டா உயிரோடு இருந்தார். பால் வாங்கிக் கொடுக்க வழியில்லாமல் பிள்ளையை ஒரு காப்பகத்தில் விட்டிருந்தார். முடிந்தபோதெல்லாம் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். இந்த சைக்கிளை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை லண்டன் போனபின் செய்தியாளர்கள் அவரைப் போய்ப் பிடித்தார்கள். நிரந்தரமாகக் கொடுப்பது என்று எனக்குப் புரியவில்லை, வளர்த்துப் படிக்கவைத்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தேன் என்கிற மாதிரி முதலில் சொன்னார். அப்புறம், தத்தை எதிர்த்து எதுவும் செய்ய மாட்டேன் என்றார். முதல் நாள் சொன்னது உண்மையா, மறுநாள் சொன்னதா என்று உலகமே சண்டை போட்டது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மடோனாவை வில்லியாக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டாவது பிள்ளை மெர்சி விஷயத்தில், மலாவியில் குடியிருந்தவர்தான் தத்தெடுக்கலாம் என்று அங்கே கீழ்க்கோர்ட் மறுத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2017-ல் இரட்டைப் பெண் குழந்தைகள். அதே வருஷம் பிளான்டைர் நகரில் மெர்சி பெயரில் குழந்தைகள் மருத்துவமனை திறந்தார், அதில் எத்தனையோ பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அதெல்லாம் சரி. என் தகராறு அந்த சைக்கிளோடுதான். சைக்கிளில் வந்து பார்க்கிற தகப்பன் இருக்கிற பிள்ளைக்கு ஒரு பால் டப்பா போதும். ஆகாய விமானம் தேவையில்லை.

12 ஆகஸ்ட்

"பால் டப்பா கொடுத்தால் அந்தப் பிள்ளை இன்னொரு பண்டா ஆகும், தத்தெடுத்ததால் உலகம் சுற்றுகிறது" என்கிறார் மதுரைக்காரர். வாஸ்தவம். அப்படியென்றால் வசதி குறைந்த எந்த வீட்டுப் பிள்ளையையும் வசதியான வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்தானே? மதுரைக்காரருக்கு சொந்த வீடு, எனக்கு அடுக்குமாடியில் வாடகை. என் பேத்தியை அனுப்பட்டுமா?

(அனுப்ப மாட்டேன். அவள் உங்கள் வீட்டு டி.வி.யை ரெண்டே நாளில் உடைத்துவிடுவாள்.)

12 ஆகஸ்ட், இரவு

"அனாதை" என்ற வார்த்தை. ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கணக்கில் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் இறந்தாலே அனாதை. அப்படி எண்ணி உலகத்தில் 14 கோடி அனாதைகள் என்று சொல்லும்போது, இருவரையும் இழந்தவர்கள் அதில் சுமார் ஒன்றரைக் கோடிதான். மிச்சப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். பெரும்பாலானோர் அவர்களோடுதான் இருக்கிறார்கள். நன்கொடை நோட்டீஸில் பெரிய எண்ணைத்தான் போடுவார்கள்.

2007-ல் சாட் நாட்டில் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் 103 பிள்ளைகளை விமானத்தில் ஏற்றப் பார்த்துப் பிடிபட்டது. பக்கத்து சூடானில் டார்ஃபூர் போரில் அனாதையானவர்கள் என்றார்கள். விசாரித்தால் பெரும்பாலானவர்கள் சாட் நாட்டுப் பிள்ளைகள், வீட்டில் ஆள் இருக்கிறது. காயமே இல்லாத பிள்ளைகளுக்குக் கட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தத் துணிக்கட்டைச் சுற்றியவர் அந்த நேரத்தில் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? கெட்டவன் என்று நினைத்திருக்க மாட்டார். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் கட்டியிருப்பார். அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

13 ஆகஸ்ட்

சொந்தக் கதை. கேட்காதவர்கள் அடுத்ததுக்குப் போய்விடலாம்.

என் தம்பியைச் சித்திக்குக் கொடுத்தார்கள். நாங்கள் கும்பகோணம் பக்கம், சித்தி திருவாரூரில். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லை. அம்மாவுக்கு நாலாவது. எழுத்துக் கிழுத்து ஒன்றும் கிடையாது. தாத்தா சொன்னார், கொடுத்தார்கள். அவன் பொங்கலுக்கும் கோடை லீவுக்கும் வருவான். எங்கள் அம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடுவான். அம்மா அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே நான் கேட்டதில்லை. "வாப்பா", "சாப்பிடுப்பா", அவ்வளவுதான். அவன் கிளம்புகிற அன்று மட்டும் அம்மாவுக்குக் கொல்லைப்புறத்தில் ஏதாவது வேலை இருக்கும்.

இதை நல்லது கெட்டது என்று சொல்ல வரவில்லை. "பிள்ளையைக் கொடுப்பது" என்றால் நம் ஊரில் இதுதான் அர்த்தம். கொடுத்தாலும் அது கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். யார் வயிற்றுப் பிள்ளை என்று ஊருக்கே தெரியும். மலாவியிலும் எத்தியோப்பியாவிலும் சொந்தத்தில் வளர்க்கக் கொடுக்கிற பழக்கம் இப்படித்தான். பசிபிக் கடலில் இருக்கிற மார்ஷல் தீவுகளிலும் அப்படியே. அந்தத் தீவுகளிலிருந்து கர்ப்பிணிகளை அமெரிக்காவுக்கு வரவழைத்து, பிறந்த பிள்ளைகளைத் தத்துக்கு அனுப்பிய ஒரு அரிசோனா வக்கீல் 2019-ல் கைதானார். அவர் அங்கே தேர்தலில் ஜெயித்த கவுண்டி (மாவட்டம் மாதிரி) அதிகாரியும்கூட. ஆறு வருஷத்துக்கு மேல் சிறை. சட்டத்தில் தத்து என்றால் வெட்டிவிடுவது. அந்தத் தாய்க்குத் தத்து என்றால் இன்னொரு வீட்டை ஒட்டவைப்பது. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு வியாபாரம் பேசினால் நஷ்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

13 ஆகஸ்ட், சிறிது நேரம் கழித்து

தம்பி இதைப் படித்துவிட்டு போன் பண்ணினான். "ஒன்பது வருஷம் இல்லைண்ணே, ஏழு." சரி, ஏழு.

16 ஆகஸ்ட்

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

1985-லிருந்து 89 வரை நான் சென்னையில் ஜாப் டைப்பிஸ்ட். பாரிமுனை, ஹைகோர்ட்டுக்கு எதிர்ப்புறச் சந்து ஒன்றில், ஒரு வக்கீல் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே, பழைய ரெமிங்டன் மெஷின் ஒன்றோடு. ஆங்கில "டி" எழுத்து மட்டும் வரியைவிட்டு ஒரு நூல் மேலே ஏறும், சரி பண்ணக் காசில்லை. பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய், கார்பன் காப்பி தனி. வாடகை ஒப்பந்தம், வக்காலத்து, விவாகரத்து மனு, எது வந்தாலும் அடிப்பேன்.

அதில் ஒரு வகை, வெளிநாட்டுத் தம்பதிக்குப் பிள்ளை போகிற கேஸ். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர் இங்கே நேராகத் தத்தெடுக்க முடியாது. 1956-ஆம் வருஷத்துத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும். அதனால் 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின் கீழ் ஹைகோர்ட்டில் ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன், மூல மனு) போட்டு, பிள்ளைக்குக் காப்பாளர் என்று உத்தரவு வாங்கி, பாஸ்போர்ட் எடுத்துக் கூட்டிப் போவார்கள். தத்து அவர்கள் ஊரில் போய் நடக்கும். ஒரு வக்கீல் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் 1984-ல் சுப்ரீம் கோர்ட் நிறைய நிபந்தனை போட்டது. தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும், வற்புறுத்தக் கூடாது, பிறப்பதற்கு முன்பே எழுதி வாங்கக் கூடாது என்றெல்லாம். நிபந்தனை கூடினால் காகிதம் கூடும். எனக்குப் பக்கம் கூடியது. சத்தியமாக அந்த நேரத்தில் அப்படித்தான் பார்த்தேன்.

தாய் கொடுக்கிற அஃபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம், ஒரே அச்சு. பிள்ளையைப் பராமரிக்க எனக்கு வழியில்லை, வெளிநாட்டில் தகுந்தவர்களிடம் ஒப்படைப்பதில் ஆட்சேபணை இல்லை, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன். கடைசியில் ஒரு வரி வரும். கைநாட்டு வைக்கிற எல்லா அஃபிடவிட்டிலும் வரும் வரிதான். மேற்கண்டதைத் தமிழில் படித்துக் காட்டி விளக்கியதில், புரிந்துகொண்டு என் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைத்தார். அந்த வரியை மற்ற வரிகளோடு சேர்த்து முன்னாடியே அடித்துவிடுவேன். படித்துக் காட்டுவதற்கு முன்னால். சில சமயம் அந்தப் பெண் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்கே முன்னால்.

86-ஆ 87-ஆ, ஐப்பசி மழை. படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயசிருக்கும். திருத்தணிப் பக்கம் என்று கூட வந்த குழந்தைகள் ஹோம் ஆள் சொன்னான். பிள்ளை ஏற்கெனவே ஹோமில். அவள் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்துவிட்டாள், குளிர்கிறது என்று நினைத்தேன். கைநாட்டு வைக்க எழுந்தபோதுதான் தெரிந்தது. ரவிக்கையில் நனைந்திருந்தது மழை இல்லை, பால்.

ஊதா மைப் பெட்டி என் மேஜையில்தான் இருக்கும். நான்தான் விரலைப் பிடித்து உருட்டினேன், வக்கீல் ஆபீஸ் பையன் டீ வாங்கப் போயிருந்தான். விரலைத் துடைக்கக் கொஞ்சம் பழைய பேப்பர் கொடுத்தேன். துடைத்துக்கொண்டே கேட்டாள். "லீவுக்கு வருவானாண்ணே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த காகிதத்தை மெஷினில் ஏற்றினேன்.

17 ஆகஸ்ட்

"அப்போ நீங்களும் கூட்டாளியா?" என்று கேட்டவருக்கு: ஆமாம். ஏழெட்டுக் கேஸ் அடித்திருப்பேன். எல்லாமே முறைப்படி, கோர்ட் உத்தரவோடு. முறைப்படி என்பதுதான் சிக்கல்.

"அந்தப் பையன் இப்போது அங்கே இன்ஜினியராக இருக்கலாம்" என்றவருக்கு: இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். நான் அவனைப் பற்றி எழுதவில்லை.

19 ஆகஸ்ட்

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இலங்கை விஷயத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார். விடவில்லை, தள்ளிப் போட்டேன்.

1980-களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் 11,000 வரை இருக்கும் என்று சொல்லப்படுகிறது. நெதர்லாந்துக்கு மட்டும் 4,000 வாக்கில். 2017-ல் டச்சுத் தொலைக்காட்சி ஒன்று கிளறியபோது, பிள்ளை வியாபாரம் நடந்தது என்று இலங்கை சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன காமிரா முன்பே ஒத்துக்கொண்டார். அதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது, கோர்ட்டில் வந்து நின்று பிள்ளையைக் கொடுத்த பெண்களில் சிலர் தாயே இல்லை என்பது. கூலிக்கு வந்து தாய் வேஷம் போட்டவர்கள். பெரியவர்களான பிறகு அந்தப் பிள்ளைகள் ஃபைலில் இருக்கிற பெயரைத் தேடி வந்து, அம்மா என்று கட்டிப்பிடித்து, அப்புறம் டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் ஒட்டவில்லை. ஒரு தடவை இழந்த அம்மாவை இரண்டாம் தடவை இழப்பது.

என் மேஜைக்கு வந்த ஏழெட்டுப் பேரும் தாய்தானா? யாரும் என்னிடம் அடையாளம் காட்டச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் தாய். அது எனக்குத் தெரியும்.

சென்னையில் நடந்தது அதைவிட மோசம். 2005-ல் போலீஸ் பிடித்த கும்பல், புளியந்தோப்பு மாதிரி இடங்களில் ராத்திரி வாசலில் தூங்கிய பிள்ளைகளையே தூக்கியிருக்கிறது. அவை ஒரு ஹோம் வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் போயின. ஒரு பெற்றோர் நெதர்லாந்து வரை வழக்கு நடத்தினார்கள். எடுத்து வளர்த்தவர்கள் நல்ல மனசோடு, முறையான காகிதம் என்று நம்பித்தான் எடுத்தார்கள். இப்போது அந்தப் பிள்ளை யாருடையது? எனக்குப் பதில் தெரியவில்லை.

வறுமைதான் காரணம் என்கிறவர்கள் கொரியாவைப் பாருங்கள். 1985-ல் ஒரே வருஷத்தில் 8,800-க்கும் மேல் பிள்ளைகளை அனுப்பியது தென்கொரியா. பஞ்சத்தில் இருந்த நாடா அப்போது? மூன்று வருஷத்தில் ஒலிம்பிக்ஸே நடத்தியது. கல்யாணமாகாத பெண்ணின் பிள்ளைக்கு ஊரில் இடமில்லை, தலைக்கு இவ்வளவு என்று ஏஜென்சிக்கு டாலர் வந்தது. மொத்தம் 2 லட்சம் பேர் வாக்கில் போனார்கள். தாய் தகப்பன் இருக்கிற பிள்ளைகளை அனாதை என்று பதிந்ததையும், ஒரு பிள்ளைக்குப் பதில் இன்னொரு பிள்ளையை அதே பெயரில் அனுப்பியதையும் அவர்களுடைய உண்மை அறியும் ஆணையமே 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்டது.

ஒரு பிள்ளைக்கு அமெரிக்கத் தம்பதி 20,000, 30,000 டாலர் செலவழிக்கிறார்கள். ஏழை ஊரில் அந்தப் பணம் வந்து இறங்கினால், பிள்ளைக்குக் குடும்பம் தேடுகிற வேலை நின்று, குடும்பத்துக்குப் பிள்ளை தேடுகிற வேலை ஆரம்பிக்கும். ஒவ்வொரு நாட்டிலும் வரிசையாக இதேதான்.

24 ஆகஸ்ட்

ரொம்பத்தான் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறேனோ என்று ஒரு சந்தேகம். கிளப்பிவிட்டது என் மனைவி.

அவள் பத்து வருஷம் ஒரு ஹோமில் கணக்கு எழுதினாள். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த பிறகு, தொட்டிலில் விடப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்தவள். "பெண் பிள்ளை, பிளந்த உதடு, நாலு வயசு. நம்ம ஊர் ஆட்கள் முப்பது பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சிவப்பா ஒரு வயசுக்குள்ளே வேணும், ஜாதி என்னன்னு தெரியுமா என்று கேட்டவர்கள் அவர்கள்தான். கடைசியில் எடுத்துப்போனது வெளிநாட்டுக்காரி. வந்த அன்னைக்கே தரையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்கு இட்லி ஊட்டினாள். நீ படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்ததை மட்டும் எழுதாதே" என்றாள்.

இதற்கு என்னிடம் மறுப்பில்லை. இன்றைக்கும் நாட்டில் 30,000-க்கு மேற்பட்ட தம்பதிகள் வரிசையில் நிற்கிறார்கள், வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனால் வயசு ஏறிய பிள்ளைக்கும் குறையுள்ள பிள்ளைக்கும் ஆள் வருவதில்லை. குறையுள்ள பிள்ளைகளில் பெரும்பங்கை எடுத்துப் போகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்தான். ஆகவே முழுக்க மூடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 9-ஆம் தேதி நான் எழுதியதைப் படித்தால் மூடச் சொல்கிற தொனிதான் இருக்கிறது. அதை வாபஸ் வாங்குகிறேன்.

இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. பிள்ளையை ஒப்படைக்கிறவர் குழந்தைகள் நலக் குழு முன்னால் வர வேண்டும், ஒப்படைத்த பிறகும் மனசு மாற 60 நாள் அவகாசம். அந்த 60 நாளில் யாராவது அவள் வீட்டுக்குப் போய், அம்மா, மாசம் எவ்வளவு இருந்தால் நீயே வளர்ப்பாய் என்று கேட்கிறார்களா? பண்டாவிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருந்தால் என்னிடம் காசு இல்லை, அது வேறு.

25 ஆகஸ்ட்

மனைவி இதையும் படித்தாள். "முப்பது பேர்னு நான் சொல்லலை, நிறைய பேர்னு சொன்னேன்" என்கிறாள். எங்கள் வீட்டில் எண்ணிக்கையே சரிப்பட்டு வருவதில்லை.

2 செப்டம்பர்

16-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம்.

அந்தப் பெண் கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினேன். பொய். நாற்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பொய், கையும் அப்படியே அடித்துவிட்டது. "வருவாம்மா" என்றேன். என் தம்பி வருவான் இல்லையா, அந்த நினைப்பில் வாயில் வந்ததா, அல்லது அவள் சீக்கிரம் எழுந்து போனால் தேவலை என்று சொன்னதா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவள் தலையை ஆட்டினாள். ஹோம் ஆள் குடையை விரித்தான்.

அவளுக்கு யாரும் எதையும் படித்துக் காட்டவில்லை. அந்தக் காகிதத்தைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொன்னவன் நான்.

6 செப்டம்பர்

கோதன்பர்க்கிலிருந்து ஒருவர் தன் தோழிக்காகக் கேட்டிருக்கிறார். 1987-ல் சென்னையிலிருந்து ஸ்வீடனுக்குப் போன பெண். கோர்ட் ஃபைல் கிடைக்குமா என்கிறார்.

முயற்சி பண்ணலாம். அங்கே தத்து நடந்தபோது கொடுத்த காகிதங்களில் சென்னை ஹைகோர்ட் உத்தரவின் நகல் இருக்கும். அதன் தலைப்பில் ஓ.பி. எண்ணும் வருஷமும் இருக்கும். அதை வைத்து இங்கே ஒரு வக்கீல் மூலம் ஹைகோர்ட்டின் ஒரிஜினல் சைடில் (மூல வழக்குப் பிரிவில்) நகல் மனு போட வேண்டும். உத்தரவு மட்டும் போதாது, இணைப்புகளையும் கேளுங்கள். தாயின் அஃபிடவிட் இணைப்பில்தான் இருக்கும். ஊர்ப்பெயர் தப்பாக எழுதியிருக்கலாம், ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி அடிப்போம், அதனால் உரக்க வாசித்துப் பாருங்கள். பெயர் ஒத்துப்போனாலும் டி.என்.ஏ. பார்க்காமல் யாரையும் அம்மா என்று கூப்பிட வேண்டாம் என்று தோழியிடம் சொல்லுங்கள்.

ஃபைல் கையில் வந்தால் அஃபிடவிட்டில் "டி" எழுத்துகளைப் பாருங்கள். மேலே ஏறியிருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். திருத்தணிப் பக்கம்தானா என்றும்.